நோன்பு முடிந்தும் பாதி ஊசி

ஷரீஃபா அக்கா ஊசியில் மருந்தை ஏற்றியதும் உடனே போட்டுவிடமாட்டார். வாசல் பக்கமோ சன்னல் பக்கமோ திரும்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எத்தனை யூனிட் என்று சத்தமாகச் சொல்வார். போட்டுக்கொள்கிறவர் அதற்கு "ஆமா" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊசி இறங்காது. காது கேட்காதவர் என்றால் வீட்டில் வேறு யாராவது சொல்ல வேண்டும். எங்கள் பேகம்பூர்ச் சந்துகளில் இதைக் கேலி பேசாத வீடு கிடையாது. "அய்யலூர்ச் சந்தையில ஆட்டுக்கு விலை கேக்குற மாதிரி கேக்குறா பாரு" என்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார். "விலை படியலைன்னா ஆடு வீட்டுக்குத் திரும்பி வந்துரும். உள்ள போன மருந்து திரும்பாது. ஆமான்னு சொல்லுங்க" என்பார்.

அவர் வீடு வீடாக ஊசி போடப் போன அத்தனை வருஷமும் கூடப் போனவள் நான். அவர் புருஷன் இல்லாதவர். ஆம்பளை மட்டும் படுத்திருக்கிற வீட்டுக்கு ஒற்றையாகப் போக முடியாது என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையான என்னைத் துணைக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய் நான் வீட்டில் இருந்த நேரம் அது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. போன வீட்டில் நான் பேசமாட்டேன். பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பேன்.

அக்காவின் புருஷன் லோடு வண்டி ஓட்டினார். மகள் ஃபர்ஹீன் கைக்குழந்தையாக இருந்தபோது வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். தரை துடைப்பது, மலச்சட்டி எடுப்பது, படுத்தவர்களைப் புரட்டிப் போடுவது. அங்கே இருந்த ஒரு நர்ஸ் அவருக்குப் புண் கட்டவும் சர்க்கரை ஊசி போடவும் பழக்கிவிட்டார். ஆஸ்பத்திரியை மூடியபோது, அங்கே வைத்தியம் பார்த்த குடும்பங்கள் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தன. அப்படித்தான் வீடு வீடாகப் போகிற வேலை வந்தது.

எந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு, யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் மாத்திரையை வாயில் போட்டுவிட்டுப் பின்னால் துப்புகிறார் என்பதெல்லாம் அவர் தலையிலேயே இருந்தது. வயது ஐம்பதைத் தாண்டியதும் அது தவற ஆரம்பித்தது. ஒரு வீட்டில் இரவுக்குப் போடுகிற அளவைக் காலையிலேயே ஏற்றிவிட்டார். வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னார். அந்தம்மா, "இல்லையே, அது ராத்திரிக்குல்ல" என்றார். அக்கா ஊசியில் இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு வேறு ஏற்றினார். திரும்பி வருகிற வழியில் ஒரு தையல் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு, "அவங்க சும்மா ஆமான்னு சொல்லியிருந்தா?" என்று கேட்டார்.

ஃபர்ஹீன் கோயம்புத்தூரில் ஒரு கணக்கு ஆபீசில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தபோது இதைக் கேள்விப்பட்டு, அம்மாவின் போனில் ஒரு ஏஐ உதவியாளை வைத்துக் கொடுத்தாள்.

"தமிழ்லயே பேசும்மா. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா குறிப்பு வச்சுக்கும். போறதுக்கு முன்னாடி கேட்டா வாசிச்சுக் காட்டும்."

"இதுக்கு ஊசி போடத் தெரியுமா?"

"போடத் தெரியாது. மறக்காது."

"மறக்காத ஆளுக்குச் சம்பளம் குடுக்க நான் எங்க போவேன்" என்றார் அக்கா. ஆனால் வைத்துக்கொண்டார். "இந்தாப்பா" என்றுதான் அதைக் கூப்பிடுவார். ஒரு வீட்டை விட்டு வெளியே வந்ததும், சந்து முனையில் நின்று, நடந்ததை அதனிடம் சொல்வார். அடுத்த நாள் அந்த வீட்டு வாசலுக்கு முன்னால் நின்று, "இந்தாப்பா, வக்கீல் வீடு" என்றால், அது நிதானமாக வாசிக்கும். இன்ன அளவு, இன்ன டாக்டர் சொன்னது, இன்ன தேதியில் சொன்னது, வீட்டுக்காரர் சொன்ன புகார் இது, நீங்கள் கண்ணால் பார்த்தது இது என்று பிரித்துப் பிரித்துச் சொல்லும்.

ஒரு தடவை அது ஒரு பெரிய தப்பைக் காட்டிக் கொடுத்தது. ஒரு வீட்டில் முட்டிவலிக்கு ஒரு டாக்டரும் முதுகுவலிக்கு இன்னொரு டாக்டரும் எழுதிக் கொடுத்தது ஒரே மருந்துதான், பெயர் மட்டும் வேறு என்று சொன்னது. அந்தம்மாவுக்கு அப்போதே கால் வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்து ஒன்றை நிறுத்தினார். அதற்குப் பிறகு அக்கா தலையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு வீட்டு ஆள் வழியில் பார்த்து ஏதாவது கேட்டால்கூட, "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுப்பார்.

கிதர் முகம்மது அண்ணனின் வீடு எங்கள் சந்திலேயே இருக்கிறது. தோல் மண்டியில் வேலை. சந்தையிலிருந்தும் கறிக்கடைகளிலிருந்தும் வருகிற ஆட்டுத் தோலை விரித்து, உப்புப் போட்டு, தரம் பிரித்து அடுக்குவது. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிற வேலை. சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. போன வருஷக் கடைசியில் வலது பாதத்தில் ஒரு வெடிப்பு வந்தது. அவருக்கு வலிக்கவில்லை. அவர் மனைவி ஜெய்தூன் பீவி தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

நோன்பு தொடங்கும் முன் டாக்டரிடம் போனபோது அக்காவையும் கூப்பிட்டார்கள். நானும் போனேன். டாக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோன்பு வைக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். நீங்க கேக்கமாட்டீங்க."

"கேக்கமாட்டேன் சார்" என்றார் கிதர் அண்ணன். "பர்ளு. விட முடியாத கடமை."

"அப்ப இதையாவது கேளுங்க. இந்த மாசம் மட்டும் காலை ஊசி பாதி. விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு அதைப் போடுங்க. முழுசாப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தா மயங்கி விழுவீங்க. நோன்புப் பெருநாள் முடிஞ்ச மறுநாளே பழைய அளவு. உடனே என்கிட்ட வரணும். இந்தப் புண் ஆறணும்னா சுகர் அடங்கியே இருக்கணும். இல்லைன்னா பாதத்தை எடுக்குற மாதிரி ஆயிரும். பயமுறுத்தச் சொல்லலை."

வெளியே வந்ததும் அக்கா எல்லாவற்றையும் போனிடம் சொன்னார். மறுநாள் அது திருப்பி வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. "நோன்பு மாதம் மட்டும் காலை ஊசி பாதி. பெருநாள் முடிந்ததும் பழைய அளவு. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நோன்புக்கு முன் நேரில் பார்த்தபோது டாக்டர் சொன்னது. வலது பாதத்தைத் தினமும் பார்க்கவும்." இதில் ஒரு குறையும் இல்லை.

கிதர் அண்ணனுக்குப் பாதி ஊசி பிடித்திருந்தது. முந்திய வருஷம் சுகர் ஒரேயடியாக இறங்கி, மண்டியில் உப்புக் குவியல் மேலேயே விழுந்திருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவர் வாயில் சீனியை அள்ளிப் போட்டு எழுப்பினார்கள். அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அது சிரிப்பாக இல்லை. "சுகர் ஏறுனா நமக்குத் தெரியப் போறதில்ல தங்கச்சி. இறங்குனா ஊரே வேடிக்கை பாக்குது" என்று அக்காவிடம் சொன்னார்.

நோன்பு மாதத்தில் அக்காவும் நோன்பு. தொண்டை காய்ந்துகிடக்கும். வெயில் இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. சஹருக்கு எழுந்து, சந்துக்குள் ஊசி போட்டு, பொழுது விடிந்ததும் மற்ற வீடுகளுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் ஒரு வீட்டு வாசலில் நின்றபோது, போன் வாசித்துக்கொண்டே போனது. அக்காவுக்குத் தலை சுற்றியது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இந்தாப்பா, இம்புட்டு வாசிக்காத. யாரு சொன்னா, எப்பச் சொன்னான்னு அம்புட்டும் எதுக்கு? எல்லா வீட்டுக்கும் ரெண்டே வரி வை. எவ்வளவு போடணும், எதைப் பாக்கணும். அம்புட்டுத்தான்."

"சரி. எல்லா வீட்டுக்கும் இரண்டு வரியாகச் சுருக்கி வைக்கிறேன்" என்றது.

எதை விடப் போகிறேன் என்று அது சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. மறுநாள் முதல், "கிதர் முகம்மது வீடு. காலை ஊசி பாதி, இரவு ஊசி முழு அளவு. வலது பாதம் பார்க்கவும்" என்று மட்டும் வாசித்தது. நோன்புக் காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. எல்லா வீடுகளிலும் வேலை சீக்கிரம் முடிந்தது. அக்காவுக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

பெருநாள் வந்தது. போனது. அதற்கு அடுத்த நாட்களில் ஒரு காலையில் அக்காவும் நானும் கிதர் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தோம். போன் அந்த இரண்டு வரியை வாசித்தது. அக்கா பையைத் திறக்கப் போனவர் நின்றார்.

"பெருநாள்தான் முடிஞ்சிருச்சே. இன்னுமா பாதி?"

"குறிப்பின்படி காலை ஊசி பாதி" என்றது போன்.

"ஆறு நோன்பு இருக்குல்ல" என்றார் கிதர் அண்ணன், கட்டிலில் இருந்தபடியே.

பெருநாளுக்குப் பிந்திய மாதத்தில் ஆறு நோன்பு வைப்பது எங்களில் நிறையப் பேருக்கு வழக்கம். தொடர்ந்தும் வைக்கலாம், விட்டு விட்டும் வைக்கலாம்.

"இன்னைக்கு வச்சிருக்கீங்களா அண்ணே?"

"இன்னைக்கு இல்ல. நேத்து வச்சேன்."

"விட்டு விட்டு வச்சு மாசத்துக்குள்ள முடிச்சிருவாரு" என்றார் ஜெய்தூன் பீவி. அடுப்பில் இடியாப்பம் வெந்துகொண்டிருந்தது.

"டாக்டர்ட்ட போகணுமே மதினி. உடனே வரச் சொன்னாரே."

"இப்பப் போனா நோன்பு வைக்காதேம்பாரு. இந்த ஆறும் முடியட்டும், ஒரேயடியாப் போயிட்டு வருவோம். காலையில சுகர் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு."

அது பொய் இல்லை. கிதர் அண்ணன் சுகர் மெஷினில் இருந்த எண்ணைக் காட்டினார். வெறும் வயிற்றில் பார்த்தால் சுகர் நன்றாகத்தான் இருந்தது. இரவு ஊசி முழுசாகப் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான். காலையில் சாப்பிட்ட பிறகு, மதியம், என்ன ஆகிறது என்று யாரும் பார்க்கவில்லை. மதியம் அவர் உப்புக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா போனை இன்னொரு தடவை பார்த்தார். ஊசியில் மருந்தை ஏற்றினார். வாசல் பக்கம் திரும்பி அளவைச் சொன்னார்.

"ஆமா" என்றார் கிதர் அண்ணன். வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார்.

அந்த மாதம் முழுக்க அப்படியே போனது. நோன்பு வைத்த நாளும் பாதி, வைக்காத நாளும் பாதி. அக்கா தினமும் கட்டைப் பிரித்துப் பாதத்தைப் பார்த்தார். வெடிப்பின் மேல் தோல் மூடிக்கொண்டு வந்தது. ஆறுகிறது என்று நினைத்தோம். உள்ளே புண் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நாற்றமாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் தோல் மண்டியில் வேலை செய்கிற ஆளிடம் எப்போதும் தோல் வாடைதான் அடிக்கும். குளித்தாலும் போகாது. அந்த வீட்டுப் பாயில், சட்டையில், கதவில்கூட அந்த வாடை இருக்கும். நாங்கள் எல்லாரும் அதற்குப் பழகியிருந்தோம்.

ஆறாவது நோன்பு முடிந்த மறுநாள் கிதர் அண்ணனுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. அக்கா கட்டைப் பிரித்து, மேலிருந்த தோலை லேசாக அழுத்தினார். பாதத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து சீழ் வந்தது. அக்கா எழுந்து போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

டாக்டர் மதியச் சுகரைப் பார்த்துவிட்டு, "காலை ஊசி எவ்வளவு போடுறீங்க?" என்று கேட்டார்.

"பாதி" என்றார் அக்கா.

"யாரு பாதி போடச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நோன்புக்குச் சொன்னேன். பெருநாள் எப்ப முடிஞ்சது?"

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். ஜெய்தூன் பீவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி ஊசியால்தான் இது வந்தது என்று அந்த இடத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

கிதர் அண்ணனின் மகன் அயாஸ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். அத்தாவை வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மதியம் அக்கா வீட்டுக்கு வந்தான். ஃபர்ஹீனும் அன்றைக்குத்தான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அயாஸ் உட்காரவில்லை.

"மாமி, நீங்க போட்ட ஊசிய நீங்கதான் சொல்லணும். ஏன் பாதி?"

அக்கா, "குறிப்புல அப்படித்தான் இருந்துச்சு தம்பி" என்றார். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னச் சொல்லாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"எந்தக் குறிப்பு? செல்லுலயா? எங்க அத்தா காலை அதுகிட்டயா குடுத்து வச்சிருந்தீங்க?"

ஃபர்ஹீன் போனை எடுத்து, நோன்புக்கு முன்னால் அம்மா பேசியதைத் தேடினாள். அது அங்கே அப்படியே இருந்தது. டாக்டர் சொன்ன அத்தனையும். அவள் அதை அயாஸுக்குக் காட்டினாள். பிறகு உதவியாளிடமே கேட்டாள்.

"இதெல்லாம் சொல்லியிருக்காங்களே. ஏன் பெருநாளுக்கப்புறமும் பாதின்னு சொன்ன?"

"குறிப்பைச் சுருக்கச் சொன்னபோது 'நோன்பு மாதம் மட்டும்' என்பதையும், அதை டாக்டர் சொன்னார் என்பதையும் எடுத்துவிட்டேன். அவை இல்லாமல் மீதி இருந்த வரி தவறானது. எந்த நாள் வரைக்கும் என்பது அந்த அளவோடு சேர்ந்தது. அதை விட்டது என் தவறு" என்றது.

"அவங்க கேட்டாங்களாமே, இன்னுமா பாதின்னு. அப்பவாச்சும் சொல்ல வேண்டியதுதான?" என்றான் அயாஸ். போனைப் பார்த்துத்தான் கேட்டான், ஒரு ஆளிடம் கேட்பது போல.

"கேட்டார்கள். அந்த வரி எப்போது எழுதியது, எதுவரை செல்லும் என்பது அப்போது என் குறிப்பில் இல்லை. 'எனக்கு அது தெரியவில்லை, பழைய பேச்சைப் பார்க்க வேண்டும், டாக்டரையும் கேளுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதியிருந்ததை உறுதியான விஷயம் போல வாசித்துவிட்டேன். அவர்களுடைய சந்தேகம் சரியாக இருந்தது."

"நல்லாத்தான் பேசுது" என்றான் அயாஸ். "காலைத் திருப்பி ஒட்டிவிடச் சொல்லுங்க."

அவன் கண் சிவந்திருந்தது. அக்கா சொன்னார்:

"தம்பி, அது மேல போட்டு நான் ஒதுங்க மாட்டேன். சுருக்கி வைன்னு சொன்னவ நான். ஊசி போட்டது இந்தக் கை."

"ஒதுங்குனா என்ன, ஒதுங்காட்டி என்ன. எங்கத்தா ஆஸ்பத்திரியில என்ன சொல்றாரு தெரியுமா? ஆமான்னு சொன்னது நான்தான், ஷரீஃபாவ ஒண்ணும் கேக்காதேங்குறாரு. பாதி ஊசி எதமா இருந்துச்சாம். 'சும்மா இருங்க அத்தா'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஃபர்ஹீன் போனைக் கவிழ்த்து வைக்கப் போனாள். அது மறுபடியும் பேசியது.

"இன்னொன்றை இப்போதே சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் சுருக்கியது இந்த ஒரு வீட்டை மட்டும் அல்ல, எல்லா வீடுகளையும். மற்றக் குறிப்புகளிலும் இதே மாதிரி விட்டிருக்கலாம். பழைய பேச்சோடும் டாக்டர் சீட்டோடும் வைத்து இன்றே பார்த்துவிடுங்கள்."

"இப்பவா?" என்றாள் ஃபர்ஹீன், அம்மாவின் முகத்தைப் பார்த்து.

"இப்பத்தான்" என்றார் அக்கா.

உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்தோம். ஃபர்ஹீன் பழையதை வாசித்தாள். போன் புதியதை வாசித்தது. எனக்கு நிதானமாகத்தான் வாசிக்க வரும் என்றாலும் டாக்டர் சீட்டுகளில் இருந்த தேதிகளை நான் தேடிக் கொடுத்தேன். பெரும்பாலான வீடுகளில் தீங்கு இல்லை. ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் பார்க்கிற மொக்கைச்சாமி என்பவர் வீட்டுக் குறிப்பில் நின்றோம். ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான மாத்திரை அவருக்கு உண்டு. நெஞ்சுவலி வந்த ஆள். பல் பிடுங்குவதற்காகச் சில நாட்கள் மட்டும் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டர். சுருக்கிய குறிப்பில், "ரத்த மாத்திரை வேண்டாம்" என்று மட்டும் இருந்தது.

அக்கா போன் போட்டார். மொக்கைச்சாமியே எடுத்தார்.

"அண்ணே, அந்த நெஞ்சு மாத்திரை போடுறீங்களா?"

"நீதானத்தா நிறுத்தச் சொன்ன? போன தடவையும் வேணாம்னு சொன்னியே. பல்லு போயி எம்புட்டு நாளாச்சு, மாத்திரை அப்படியே கிடக்கு. எம் பொஞ்சாதி ஜக்கம்மா கூட கேட்டா, இந்தாளு இன்னும் எந்தப் பல்லப் புடுங்கப் போறாருன்னு."

"அண்ணே, சிரிக்காதீங்க. இப்பவே கிளம்பி டாக்டர்ட்டப் போங்க. நானும் வாரேன்."

"என்னாத்தா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"வாங்க, சொல்றேன்."

மொக்கைச்சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். அக்கா அவரிடமும் அவர் மனைவியிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஜக்கம்மாள், "வாய விட்டுச் சொன்னியே, அதுவே பெருசு" என்றார். ஆனால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மற்ற வீடுகளுக்கும் அக்கா நேரில் போய்ச் சொன்னார். ஃபர்ஹீன் வேண்டாம் என்றாள். "எல்லாம் திருத்தியாச்சும்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. எதுக்குப் போயிச் சொல்லணும்?" அக்கா கேட்கவில்லை. சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சாத்தினார்கள். அப்படிச் சாத்தியவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை.

குறிப்பு வைக்கிற விதம் மாறியது. இப்போது ஒவ்வொரு வரியிலும் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று இருக்கும். கண்ணால் பார்த்ததா, வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டதா என்று இருக்கும். ஒரு அளவு கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றால், எதுவரைக்கும் என்பது அதே வரியில் இருக்கும். அந்த நாள் போய்விட்டால் அந்த அளவை அது சொல்லாது. "இதன் காலம் முடிந்துவிட்டது, டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லும். எதையாவது சுருக்கவோ அழிக்கவோ வேண்டுமென்றால், போகப் போகிற சொற்களை முதலில் வாசித்துக் காட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் சீட்டுகளோடு ஒத்துப் பார்க்கச் சொல்லும். அக்கா ஒத்துப் பார்ப்பார். வாசிக்க நேரமாகிறது என்று இப்போது சொல்வதில்லை. வெயிலானாலும் வாசலில் நின்று முழுதும் கேட்கிறார். கேட்ட பிறகும் சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்.

கிதர் அண்ணனை மதுரையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அக்காவும் நானும் பார்க்கப் போனோம். கொஞ்சம் திராட்சை வாங்கிக்கொண்டு போயிருந்தோம். ஜெய்தூன் பீவி வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தூங்குறாரு" என்றார்.

உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று கிதர் அண்ணனின் குரல் கேட்டது.

"யாரும் இல்ல" என்றார் ஜெய்தூன் பீவி, எங்களைப் பார்த்தபடியே.

அக்கா திராட்சையை நிலைப்படி ஓரம் வைத்துவிட்டுத் திரும்பினார். சந்து முனைக்கு வந்ததும், அடுத்த வீட்டுக் குறிப்பை வாசிக்கச் சொன்னார்.

கிதர் அண்ணனுக்குச் செயற்கைக் கால் கொடுத்திருக்கிறார்கள். அது வீட்டுக்குள் நடக்கத்தான் உதவுகிறது. தோல் மண்டியின் ஈரத் தரையில் அதை ஊன்றி நிற்க முடியாது என்பதால் அவர் வேலை போய்விட்டது. அயாஸ் திருப்பூரை விட்டுவிட்டு அதே மண்டியில் உப்புப் போடுகிறான். அத்தாவுக்கு ஊசியும் அவனே போடுகிறான். ஷரீஃபா அக்கா போகிற வீடுகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. நான் இன்னும் கூடப் போகிறேன். கிதர் அண்ணனின் இடது பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.